ஆம்லெட்டுக்கு ஏற்ற கல்

வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்து போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, உப்பிட்டு அடித்து, காய்ந்த கல்லில் பரப்பி எடுத்தால் அது ஆம்லெட். இதைவிட எளிய சமையல் இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இதைப் போல நொடியில் கெட்டுப்போகும் சமையலும் வேறில்லை. சோறு குழைந்துவிட்டால் கஞ்சியாகக் குடிக்கலாம். குழம்பில் உப்பு மிகுந்துவிட்டால் நீர் சேர்த்துச் சரிக்கட்டலாம். கல்லோடு ஒட்டிக்கொண்ட முட்டைக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. சுரண்டி எடுத்துத் தின்ன வேண்டியதுதான். இப்படி ஒட்டுவதும், ஓரம் கருகி நடுவே வேகாமல் நிற்பதும் சமைப்பவரின் கைக்குறை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வேளைகளில் குறை கையில் இல்லை, கருவியில் இருக்கிறது. அந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவர்களுக்கு ஏன் இந்தச் சமையற்கட்டுப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சத்துணவில் 1989-ஆம் ஆண்டு முட்டை சேர்க்கப்பட்டது. முதலில் இரு வாரங்களுக்கு ஒன்றாக இருந்தது படிப்படியாக உயர்ந்து, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. உங்களில் பலர் அந்த முட்டையை உண்டு வளர்ந்தவர்கள். இப்போது, பள்ளிப் படிப்போ தொழிற்பயிற்சியோ முடித்து, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்கிற இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையையும் இரயில் பாதையையும் ஒட்டி அமைந்த ஊர் அது. ஆலைகளில் இரவும் பகலும் முறை மாற்றி வேலை நடக்கிறது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிறார்கள்.

பள்ளியில் தட்டில் முட்டையை எடுத்து வைத்த ஆயா அங்கே வரமாட்டார். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் அறைக்குத் திரும்புகிறவனுக்குக் கண்ணெதிரே இருப்பது தேநீரும் பன்னுமே. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் தானே சமைத்துக்கொள்ள முடியுமானால் அவன் தேநீரும் பன்னுமாகப் படுக்கப் போகமாட்டான். முட்டை ஒட்டிக் கருகி, கல்லைத் தேய்க்கவே கால் மணி நேரம் ஆகுமானால், இரண்டாம் நாளே அடுப்பை மறந்துவிடுவான். வீட்டை விட்டு வெளியேறிக் கல்லூரி விடுதியிலோ வாடகை அறையிலோ வாழப்போகும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். ஆகவே இதனைச் சிறிய பொருள் என்று நான் கருதவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுப்பது திருவள்ளூர் மண்ணுக்குப் புதிய வித்தை அன்று. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில் இராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியல் அறிஞர் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ளவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் ஆனவை. கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் அந்த ஆதி மனிதர் கருவியாக்கிவிடவில்லை. தட்டினால் கூரிய விளிம்பு தருவது எது, நொறுங்கிப் போவது எது என்று அறிந்தே எடுத்தனர். கடையில் அடுக்கி வைத்திருக்கும் சட்டிகளின் முன் நிற்கும் நமக்கும் அந்த அறிவே வேண்டும். பளபளப்பைப் பார்த்து எடுப்பது எளிது. பொருளின் குணத்தைப் பார்த்து எடுப்பதுதான் தேர்வு.

முதலில் முட்டையின் குணத்தைப் பார்ப்போம். ஓட்டுக்குள் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீர். அந்த நீரில் புரதத் துகள்கள் நூலுருண்டைகளைப் போலச் சுருண்டு மிதக்கின்றன. வெப்பம் பட்டதும் அவை பிரிந்து நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, வலையாகி, நீரைத் தம்முள் பிடித்து நிறுத்துகின்றன. முட்டை இறுகுவது என்பது இதுவே. வெள்ளைக்கரு 60 டிகிரி சென்டிகிரேடைக் கடந்ததும் இறுகத் தொடங்குகிறது. மஞ்சட்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகுகிறது. நோய்க் கிருமிகள் பற்றிய அச்சம் நீங்க முட்டை முழுவதும் 71 டிகிரியை எட்ட வேண்டும். அதற்கு மேலும் நெடுநேரம் காயவிட்டால் வலை நெருங்கிச் சுருங்கி, பிடித்து வைத்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்போது ஆம்லெட் ரப்பர் துண்டாகிறது. இதற்கு மாறாக, அடிப்பக்கம் பொன்னிறமாகி நல்ல மணம் வீச வேண்டுமானால் அங்கே 140 டிகிரி அளவு வெப்பம் தேவை.

அடியில் 140, மேலே 70. இரண்டையும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தர வல்லதே நல்ல கல். இதிலிருந்து அதன் இலக்கணத்தை வகுத்துவிடலாம். ஒன்று, வெப்பத்தைத் தன் பரப்பெங்கும் சீராகப் பரப்ப வேண்டும். இரண்டு, குளிர்ந்த முட்டை வந்து விழுந்ததும் தன் சூட்டை இழந்துவிடக் கூடாது. மூன்று, முட்டை பற்றிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. கடையில் எந்தச் சட்டியை எடுத்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

முதற் கேள்விக்கு உலோகத்தின் வெப்பம் கடத்தும் திறனே விடை சொல்லும். செம்பின் திறனை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்போது அலுமினியத்தின் திறன் ஏறத்தாழ 60, இரும்பு 20, வார்ப்பிரும்பு அதற்கும் குறைவு, எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகு வெறும் 4.

செம்பு முதலிடம் பெற்றாலும் விலை மிகுந்தது; உள்ளே கலாய் பூசிக்கொண்டே இருக்க வேண்டியது. ஆகவே அதை விட்டுவிடலாம்.

எவர்சில்வரைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் அரிக்கப்படாமல் இருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி 1913-இல் உருக்கி எடுத்த எஃகு, பின்னர் உலகத்தின் சமையலறைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. துருவேறாது, புளியோடும் தயிரோடும் பகைக்காது, முட்டையை அடிக்கவும் பால் காய்ச்சவும் அதைப் போல வேறில்லை. ஆனால் ஒற்றைத் தகடான எவர்சில்வர் சட்டியை அடுப்பில் வைத்தால், தீ நாக்கு படும் வளையம் மட்டும் கொதித்து, நடுவும் ஓரமும் பின்தங்கி நிற்கும். முட்டை அந்த வளையத்தில் கருகும். மற்ற இடத்தில் வழியும். அலுமினியத் தகட்டை நடுவே வைத்து அழுத்திய கனத்த அடியுள்ள எவர்சில்வர் சட்டிகளில் இந்தக் குறை இல்லை. எனினும் அவற்றிலும் எண்ணெயும் சூடும் சரியாக அமையாவிட்டால் முட்டை பற்றிக்கொள்ளும். பழகிய கைக்கு அது ஏற்றது, தொடங்குகிறவருக்கு அன்று.

அலுமினியத்தின் வரலாறு மாணவர்களுக்கு உவப்பானது. மண்ணில் நிறைந்து கிடந்தும் பிரித்தெடுக்க அரிதாக இருந்ததால் ஒரு காலத்தில் அது வெள்ளியோடு போட்டியிட்ட உலோகம். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, 1886-இல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள். உங்களில் மூத்தவர்களின் வயதுதான் அவர்களுக்கு அப்போது. அந்த முறையால் அலுமினியம் ஏழையின் பாத்திரமாயிற்று. வெப்பத்தை நன்கு பரப்பும், எடை குறைவு. ஆனால் வெறும் அலுமினியத்தில் முட்டை ஒட்டும். புளிப்பும் காரமும் அதை அரிக்கும். முட்டையின் வெள்ளைக்கரு காரத்தன்மை உடையது. அலுமினியக் கிண்ணத்தில் அடித்தால் சாம்பல் நிறம் ஏறிவிடும். ஆகவே அலுமினியம் ஆம்லெட்டுக்கு ஏற்றதாவது அதன்மேல் வேறொரு பூச்சு ஏறும்போதே.

அந்தப் பூச்சைத்தான் நான்ஸ்டிக் என்று சொல்கிறோம். 1938-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில், குளிரூட்டும் வாயுவைத் தேடிக்கொண்டிருந்த ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார், வாயு நிரப்பிய உருளைக்குள் வழவழப்பான வெண்பொடி உறைந்திருப்பதைக் கண்டார். எந்தப் பொருளும் அதில் ஒட்டவில்லை. டெப்லான் என்று பின்னர் பெயர் பெற்ற அதனை அலுமினியச் சட்டியின்மேல் ஏற்றும் வழியைப் பிரான்சின் மார்க் கிரெகுவார் கண்டார். 1956-இல் அதற்கென ஒரு நிறுவனமே தோன்றியது. தொடங்குகிறவரின் கைக்கு இதைவிட எளிய சட்டி இல்லை. துளி எண்ணெய் போதும், முட்டை வழுக்கிக்கொண்டு வரும்.

ஆனால் அதன் எல்லையை அறிந்து ஆள வேண்டும். 260 டிகிரியைக் கடந்தால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே அந்த எல்லை வந்துவிடும். அளவு மீறிக் காய்ந்த சட்டியின் புகையால் கூண்டுப் பறவைகள் இறந்ததுண்டு. மனிதருக்கும் காய்ச்சல் போன்ற உபாதை வரும். இரும்புக் கரண்டி பட்டால் கீறல் விழும். கீறிய பூச்சு உரியும். முன்பு இந்தப் பூச்சைச் செய்யும்போது பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்னும் இரசாயனத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் சேர்த்தது. அந்த இரசாயனம் சேராதது என்று அட்டையில் குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நான்கு பேர் ஆளும் அறையில், அவசரத்தில் கையில் கிடைத்த கரண்டியால் சுரண்டும் இடத்தில், நான்ஸ்டிக் சட்டி நெடுநாள் நிற்காது.

இனி நம் இரும்புக்கு வருவோம். இரும்பாலானதையும் நாம் தோசைக்கல் என்றே அழைக்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு நெடுங்காலப் பழக்கம் தெரிகிறது. இரும்பு செம்பைப் போல விரைந்து கடத்தாது. ஆனால் நம் இரண்டாம் கேள்விக்கு அதுவே நல்ல விடை. ஒரே பருமனுள்ள இரும்புத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் ஒரே அளவு சூடாக்கினால், இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும். முட்டை விழுந்ததும் அது தளர்ந்துபோகாது. வார்ப்பிரும்பு கனமானதால் இன்னும் மிகுதியாகச் சேமிக்கும். தோசைக்கு அது மிக நல்லது. ஆம்லெட்டுக்கோ, தீயைக் குறைத்த பின்னும் அது குறைவதில்லை. ஆறுவதற்குள் முட்டை முறுகிவிடும். மூன்று மில்லிமீட்டர் அளவு பருமனுள்ள இரும்புத் தகட்டுக் கல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

மூன்றாம் கேள்வி ஒட்டாமை. புதிய இரும்பில் முட்டை ஒட்டும். கல்லைப் பழக்க வேண்டும் என்று நம் பெண்மக்கள் சொல்வது இதற்காகவே. புதுக்கல்லைத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியை ஊற்றி ஓரிரு நாள் வைத்து, பிறகு காயவைத்து, எண்ணெய் தடவி, பாதி அரிந்த வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றுவார்கள். இதில் அறிவியல் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் காற்றோடு கலந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷ் போன்ற கெட்டியான கரிய பூச்சாக மாறுகிறது. இரும்பின் நுண்ணிய பள்ளங்களை அது நிரப்பிவிடுகிறது. ஆக, இதுவும் ஒரு பூச்சே. கடையில் வாங்காமல் நாமே ஏற்றிக்கொள்வது. தேய்ந்தால் நாமே மீண்டும் ஏற்றக்கூடியது. எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும், மிகுந்தால் பிசுபிசுக்கும். ஆம்லெட் போட்ட பின் வெந்நீரில் துடைத்து, அடுப்பில் ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் போதும். சவுக்காரமும் கம்பி நாரும் கொண்டு பாத்திரம்போல் விளக்கினால் பழக்கம் போய்விடும். தோசைக்கு ஒரு கல், முட்டைக்கு ஒரு கல் என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு; மணம் கலவாதிருக்க அது நல்ல வழக்கம்.

கல் எப்போது பதமாயிற்று என்று அறிய நீர்த்துளி ஒன்றே கருவி. தெளித்த துளி மெல்லக் கொதித்து அடங்கினால் சூடு போதாது. சட்டென்று சீறி மறைந்தால் பதம். மறையாமல் முத்துப்போல் உருண்டு ஓடினால் சூடு மிகுந்துவிட்டது. துளியின் அடியில் உண்டான நீராவியே அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இதனை 1756-இல் விளக்கி எழுதியவர் லைடன்பிராஸ்ட் என்னும் ஜெர்மன் மருத்துவர். அப்போது தீயைத் தணித்துச் சற்றுப் பொறுத்து முட்டையை ஊற்றுங்கள்.

இதுவரை சட்டியைப் பற்றியே சொன்னேன். அடுப்பைப் பாராமல் சட்டியை வாங்குவது காலைப் பாராமல் செருப்பு வாங்குவது போலாகும். வாடகை அறைகளில் இப்போது இண்டக்ஷன் அடுப்பு பெருகிவிட்டது. அதன் இயல்பை அறிய விரும்புகிறவர் கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளையே பாடமாகக் கொள்ளலாம். லாரி லாரியாக வந்து குவியும் பழைய இரும்பை அங்கே மின்தூண்டல் உலைகளில் உருக்கி, வார்த்து, உருட்டி, கட்டடக் கம்பிகளாக நீட்டுகிறார்கள். உலையைச் சுற்றிச் செம்புக் குழாயாலான சுருள் இருக்கிறது. குழாய்க்குள் நீர் ஓடி அதைக் குளிர்விக்கிறது. சுருளில் மாறி மாறிப் பாயும் மின்சாரம், உள்ளே மாறி மாறி எழும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட உண்மை உங்கள் பாடநூலில் இருக்கிறது. தூண்டப்பட்ட ஓட்டம் இரும்புக்குள் சுழன்று சுழன்று அதைச் சூடாக்குகிறது. சுமார் 1500 டிகிரியில் இரும்பு உருகி நீராகிறது. தீயில்லை, உலோகமே தன்னுள் சூடாகிறது.

அறையில் உள்ள சிறு அடுப்பும் இதே தத்துவத்தால் இயங்குவது. கண்ணாடித் தட்டின் அடியில் செம்புச் சுருள். மேலே உலைக்குப் பதில் உங்கள் சட்டி. ஒரு வேறுபாடு உண்டு. இந்தச் சிறு அடுப்பின் காந்தப் புலம் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கும் மேல் மாறுகிறது. காந்தம் பற்றும் இரும்பில், தூண்டப்பட்ட ஓட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மேல்தோலுக்குள் நெருக்கப்பட்டு, பெரும் தடையைச் சந்தித்து, சூட்டைக் கிளப்புகிறது. அலுமினியத்திலும் செம்பிலும் அது தடையின்றிப் பாய்ந்துவிடுவதால் போதிய சூடு பிறப்பதில்லை; சட்டி இல்லை என்றெண்ணி அடுப்பு தானே நின்றுவிடும். நிக்கல் சேர்ந்த எவர்சில்வர் பலவும் காந்தத்துக்கு இணங்காதவை. ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். சட்டியின் அடியில் அது இறுகப் பற்றினால் அச்சட்டி இண்டக்ஷன் அடுப்புக்கு ஆகும், பற்றாவிட்டால் ஆகாது. அடி தட்டையாக இருப்பதும் வேண்டும். நடுக்குழிந்த பழைய தோசைக்கல் எரிவாயு அடுப்புக்கே உரியது.

அடுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உயிரைப் பற்றியது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விசிறிக்கும் விளக்கிற்கும் உரிய சிறிய செருகுமுனை 6 ஆம்பியருக்கு அமைந்தது. அது தாங்கும் அளவு 1380 வாட் மட்டுமே. மேலும் இழுத்தால் கம்பி சூடேறி உறை உருகும். நீட்டுக் கம்பியில் நான்கு பேர் கைப்பேசியும் அடுப்புமாகச் செருகியிருக்கும் அறையில் தீப்பிடிக்க நெடுநேரம் வேண்டாம். 16 ஆம்பியர் செருகுமுனை அறையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுப்பை வாங்குங்கள்.

அடுத்து ஒரு கடுமையான செய்தி. ஈயம் என்ற சொல் நம்மிடையே மூன்று பொருளில் வழங்குகிறது. இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. சில ஊர்களில் அலுமினியப் பாத்திரத்தையே ஈயப் பாத்திரம் என்பார்கள். மூன்றாவது காரீயம், அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இன்னதென்று தெரியாத பழைய உலோகங்களை ஒன்றாக உருக்கி வார்க்கும் பாத்திரங்களில் காரீயம் கலந்துவிடக் கூடும். அலுமினியம், பித்தளை, இண்டாலியம் எனப்படும் அலுமினியக் கலவை ஆகியவற்றாலான சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய உலோகத்தை உருக்குவது தவறன்று. பழைய இரும்பிலிருந்து வரும் கட்டடக் கம்பியில் கரி, கந்தகம், பாஸ்பரஸ் இவ்வளவுதான் இருக்கலாம் என்று இந்தியத் தர விதி வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டைத் தாங்கும் கம்பிக்கு உள்ள கட்டுப்பாடு, நம் உணவைத் தாங்கும் சட்டிக்கு வேண்டாமா? எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை இந்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது. எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற வார்ப்புச் சட்டியை விட்டு, முத்திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

அளவைப் பற்றிச் சிறு கணக்கு. ஒரு முட்டையின் உள்ளீடு ஏறக்குறைய 50 கன சென்டிமீட்டர். இரண்டு முட்டையை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடியில் ஊற்றினால், பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆகவே கனம் சுமார் 3 மில்லிமீட்டர். அதே இரண்டு முட்டையை 28 சென்டிமீட்டர் தோசைக்கல்லில் முழுதும் பரப்பினால் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடும். மேற்புறம் வேகுமுன் அடி காய்ந்துவிடும். ஒருவர் இருவருக்கு 20 முதல் 22 சென்டிமீட்டர் போதும். அளவு மிஞ்சினால் எண்ணெயும் எரிபொருளும் வீண்.

வடிவமும் உண்ணும் பண்டத்தைப் பொறுத்தது. மதுரைப் பக்கத்தில் கரண்டி ஆம்லெட் போடுகிறவர்கள் நீண்ட காம்புள்ள குழிந்த இரும்புக் கரண்டியையே சட்டியாக்கித் தீயில் பிடிக்கிறார்கள். பரவ இடமில்லாததால் முட்டை மேல்நோக்கி எழும்பிப் பஞ்சு போலாகிறது. ஜப்பானியர் முட்டையைப் பல மடிப்பாகச் சுருட்டுவதற்கென்று நாற்கோணச் சட்டி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் மோன் சேன் மிஷேல் தீவில் 1888 முதல் நடந்துவரும் உணவு விடுதி ஒன்றில், நுரை பொங்க அடித்த முட்டையை நீண்ட காம்புள்ள செம்புச் சட்டியில் விறகுத் தீக்கு மேலே பிடித்துச் சமைக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் நெருப்புக்கும் தம் நாவுக்கும் ஏற்ற கருவியைக் கண்டிருக்கிறார்கள்.

துணைக் கருவிகளுக்குப் பெருஞ்செலவு வேண்டாம். முட்டையை அடிக்க ஓர் உயரமான எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் போதும். தெருவோரக் கடைக்காரர் கையில் நீங்கள் காண்பது அதுதான். விரிந்த கிண்ணத்தைவிட உயரமான டம்ளரில் முட்டை சிந்தாமல் விரைவில் கலக்கும். இரும்புக் கல்லுக்கு மெல்லிய விளிம்புள்ள இரும்புத் திருப்பி; நான்ஸ்டிக் சட்டிக்கு மரத் திருப்பி. மேற்புறம் வேகத் தயங்கினால் மூட ஒரு தட்டு. மின்சாரத்தால் சுழலும் கடைசல் கருவியும், அரைவட்டமாக மடியும் சிறப்புச் சட்டியும் கடைகளில் உண்டு. அவை இல்லாமல் எந்த முட்டையும் வேகாமல் நின்றதில்லை.

இவ்வளவையும் கேட்ட பின், ஒன்றே ஒன்று வாங்குவதானால் எதை வாங்குவது என்று நீங்கள் கேட்பீர்கள். 20 முதல் 22 சென்டிமீட்டர் அகலமும், மூன்று மில்லிமீட்டர் அளவு பருமனும், தட்டையான அடியும், உறுதியான கைப்பிடியும் உள்ள இரும்புத் தகட்டுக் கல்லை வாங்குங்கள் என்பதே என் விடை. எரிவாயு அடுப்பும் அதற்கு ஒக்கும். இண்டக்ஷன் அடுப்பும் ஒக்கும். கீறினாலும் கெடாது, அறை மாறினாலும் உடன் வரும். முதல் வாரம் நீங்கள் அதைப் பழக்குவீர்கள். பிறகு அது உங்களைச் சமையலுக்குப் பழக்கிவிடும். பழக்கப் பொறுமை இல்லாதவர், தீயைக் குறைத்தே ஆளும் உறுதி உண்டானால், முத்திரை பெற்ற நான்ஸ்டிக் சட்டியை வாங்கலாம். மரத் திருப்பி ஒன்றையும் கூடவே வாங்கட்டும்.

வெப்பம் கடத்தலும், மின்காந்தத் தூண்டலும், புரதத்தின் இயல்பும் நீங்கள் தேர்வுக்காகப் படிப்பவை. தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. முதல் மாதச் சம்பளத்தோடு பாத்திரக் கடைக்குப் போகும் அன்று அவை உங்களுக்குத் துணை நிற்கட்டும். நல்ல கல் அமைந்துவிட்டால், எவ்வளவு களைத்து வந்தாலும், தூங்கப் போகுமுன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றக் கை தயங்காது.